வயித்துல கட்டுன பொடவ

அட ஆமாம்மா, நீ கேள்விப்பட்டது நெசந்தான். எம் மவளுக்கு லைசென்சு கெடச்சிடுச்சு. கார் ஓட்டுற லைசென்சா? யாரு சொன்னா? நெல்லித்தோப்பு பூரா அப்படித்தான் பேசிக்கிறாங்களா? சரியாப் போச்சு. கேளு. கப்பல்ல சாமான் வருதுல்ல, அதுல இன்னது இருக்குன்னு சுங்கத்துக்கு எழுதிக் காட்டி, வரி கட்டி, வெளிய எடுத்துக் குடுக்கணும். மெட்ராஸ் ஹார்பர்ல பன்னண்டு வருசமா அதான் செய்றா, ஆனா மொதலாளி லைசென்சுல. இனிமே அவ பேருல. எழுத்துப் பரிட்ச ஒரே தடவையில பாஸு. வாயால கேக்குற பரிட்சயிலதான் ரெண்டு தடவ கவுத்துட்டாங்க. மூணாந்தடவ தேறிட்டா. நேத்து பெரிய மார்க்கெட்ல பூக்காரி, மீன்காரி, ஒருத்தரையும் வுடல, சொல்லிட்டேன். மீன்காரி கொசுறா ஒரு சங்கரா போட்டா, தெரியுமா?

உனக்கு என்னா தெரியும் அதப் பத்தின்னு சிரிக்கிறியா? ஏழு வயசுலயே சுங்கத்துல நின்னவம்மா நான்.

அப்ப நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் கையில. ஊரத் தாண்டினா இந்தியா சர்க்காரு. நடுவுல சாவடி. இங்க வாங்கினத அந்தாண்ட கொண்டு போனா வரி. எங்க சித்திக்குக் கல்யாணம், அந்தாண்ட கிராமத்துல. பொண்ணழைப்புக்குக் கப்பல்ல வந்த ரோஸ் கலர் பட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. எங்க மாமா, அம்மாவோட தம்பி, அவருக்குத் தான் பெரிய கெட்டிக்காரன்னு நெனப்பு. பொடவைய மடிச்சி என் வயித்துல சுத்தி, மேல பாவாடையக் கட்டிட்டாரு. "வாயத் தொறந்த, ஆத்துல தூக்கிப் போட்டுடுவேன்"னாரு. நான் எங்க தொறந்தேன்? சித்திர வெயிலு, வேர்வையில அரிப்புத் தாங்கல. அப்பவும் தொறக்கல.

சாவடியில ஒரு ஆபீசரு. மீசையப் பாத்தா பயம், ஆனா நல்ல மனுசன். "என்னா பாப்பா, இம்மாம் பெரிய தொப்ப? வயித்துல பூச்சியா?"ன்னாரு. வரிசையில நின்னவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாரு ரோசம்! "பூச்சி ஒண்ணும் இல்ல, எங்க சித்தி பொடவ! கப்பல்ல வந்தது!"ன்னு கத்திட்டேன்.

மாமா மூஞ்சி சுண்டிப் போச்சு. பொடவைய உருவிட்டாங்க. ஒளிச்சிக் கொண்டாந்த சாமான், திரும்பக் கெடைக்காதுன்னுட்டாரு ஆபீசரு. மறுநாளு சாயங்காலம் பொண்ணழைப்பு. மாமா அவரு கால்ல வுழாத கொறதான்.

அங்க தகரப் பெட்டி மேல காகிதம் வச்சிக்கிட்டு ஒரு கண்ணாடிக்காரரு. எழுதத் தெரியாதவங்களுக்குச் சுங்கக் காகிதம் எழுதிக் குடுக்குறவரு. அவரு எழுந்து வந்து, "ஐயா, நீங்க தேடி எடுக்கல. பாப்பா தானாச் சொல்லிச்சு. சொன்ன சாமானுக்கு வரிதானுங்களே?"ன்னாரு.

"சின்னப் புள்ள சொல்றதெல்லாம் கணக்காய்யா?"

"பொடவ அது இடுப்புலதான இருந்துச்சுங்க?"

ஆபீசருக்குச் சிரிப்பு அடங்கல. "எழுதித் தொலை"ன்னுட்டாரு. மாமா பெருவெரலு வச்சாரு. வெளையாட்டுக்கு என் வெரலையும் மையில தோச்சி ஓரமா ஒத்தினாரு கண்ணாடிக்காரரு. வரி கட்டி, முத்திர குத்தி, பொடவ கைக்கு வந்துச்சு.

சித்தி அதக் கட்டிக்கிட்டு வந்தா பாரு, ஊரே வாயத் தொறந்துச்சு. மாமா மட்டும் கல்யாணம் முடியிற வரைக்கும் என்கூடப் பேசல. போறவன் வர்றவன்கிட்டல்லாம் "காட்டிக் குடுத்த கழுத"ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். மைய வச்சி போலீசு என்னக் கண்டுபுடிச்சிடும்னு, எச்சி தொட்டு, மண்ணு போட்டு, தோலு உரியிற மாதிரி வெரலத் தேய்ச்சேன்.

போன மாசம் மவ லீவுல வந்து பரிட்சைக்குச் சத்தமாப் படிச்சிக்கிட்டிருந்தா. தேடறதுக்கு முன்னாடி தானாச் சொன்னா என்னா ஆவும், சொல்லலன்னா என்னா ஆவும், அப்படி ஒரு பாடம். நான் கீர ஆஞ்சிக்கிட்டே இந்தக் கதையச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. "யம்மா, அன்னிக்குப் பொடவையக் காப்பாத்துனதே நீதாம்மா"ன்னா.

எனக்குத் தெரியலியேம்மா அப்ப! அது குத்தமில்லன்னும் தெரியல. அந்தக் கண்ணாடிக்காரரு செஞ்சது ஒரு உத்தியோகம், அதுக்கு என் வயித்துல ஒருத்தி பொறந்து பரிட்ச எழுதுவான்னும் தெரியல. தெரிஞ்சிருந்தா அந்த மையத் தேய்ச்சிருப்பேனா?

ஐயய்யோ, கொழாயில தண்ணி வந்துடுச்சு பாரு. அந்தக் கொடத்த இப்படி நவுத்தும்மா.