அரை மாரத்தானில் ஒரு காதுகுத்து

ராசிபுரம் கந்தவேலுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. துண்டு வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவர். யாரோ கூப்பிட்டார்கள் என்பதற்காகத் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழே வாங்கி வந்தவர். தேனீயைக் கண்டால் அவருக்கு நடுக்கம். அதனால், பல் டாக்டர் தீனதயாளனும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருந்த ஈஸ்வரும் அரை மாரத்தானுக்குக் கூப்பிட்டபோது “சரி” என்றார். வெண்ணந்தூர் போய்த் திரும்பினால் இருபத்தொரு கிலோமீட்டர். அதே காலையில் வெண்ணந்தூரில் தன் மகள் தனப்பிரியா பெற்ற பேரனுக்குக் காதுகுத்து என்று நாச்சிமுத்துச் சித்தப்பா அழைத்தபோதும் “வாரேனுங்க” என்றார்.

ஓடும்போதே வாசலில் தலையைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. அரைக்கால் சட்டையும் நெஞ்சில் குத்திய பந்தய எண்ணட்டையுமாகக் கந்தவேல் கும்பிட்டுக்கொண்டே கடக்கப் பார்த்தார். நாச்சிமுத்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, கடவுளாப் பாத்து உன்னய அனுப்பியிருக்கறாரு. தாய்மாமன் அன்பு வந்த காரு சங்ககிரிகிட்ட நின்னுபோச்சு. முகூர்த்தம் முடியப்போவுது. நீயும் தனப்பிரியாவுக்கு அண்ணன் மொறைதான? மடியில வச்சுக்க, வா.”

“நான் ஓடிக்கிட்டு இருக்கறனுங்க சித்தப்பா.”

“ஓடறவன் கொஞ்ச நேரம் ஒக்காந்தா நல்லதுதான்.”

தலைக்குத் தலைப்பாகை ஏறியது, கழுத்துக்கு மாலை வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை மடிக்கு வந்தது. ஆசாரி இடது காதைக் குத்தியதும் குழந்தை எண்ணட்டையைப் பிடித்து இழுத்தபடி வீறிட்டு, கந்தவேலின் கால்சட்டையை முழுக்க நனைத்தது. புகைப்படக்காரர், “மாமா, கொஞ்சம் சிரிங்க” என்றார்.

அந்த நேரம் பார்த்து அன்பு வந்து சேர்ந்தான். ஏதோ லாரியில் ஏறி வந்திருந்தான். தன் இடத்தில் அரைக்கால் சட்டைக்காரர் ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

“நான் உசுரோடதான இருக்கறன்? அப்பறம் எதுக்கு இன்னொரு மாமன்?”

கந்தவேல் எழப் பார்த்தார். குழந்தை எண்ணட்டையை விடவில்லை. கடைசியில் தனப்பிரியாதான் தீர்ப்புச் சொன்னாள். “இன்னொரு காது இருக்குதுல்லண்ணா. அது உனக்கு.” வலது காது அன்பு மடியில் குத்தப்பட்டது. அதற்கும் கந்தவேல் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று, எண்ணட்டை குழந்தையின் கையில் இருந்ததால்.

அவரைத் தேடித் திரும்பி வந்த தீனதயாளனையும் ஈஸ்வரையும் வாசலிலேயே பிடித்து இலைமுன் உட்காரவைத்துவிட்டார்கள். தீனதயாளன், “பந்தயத்துல இருக்கறமுங்க” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் கேசரி விழுந்தது.

நனைந்த கால்சட்டைக்குப் பதிலாகக் கந்தவேலுக்குப் பட்டுக்கரை வேட்டி கொடுத்தார்கள். அதை மடித்துக்கட்டி, மாலையைக் கழற்றாமலே கந்தவேலும் மற்ற இருவரும் மறுபடி ஓடினார்கள். ஓட்டம் என்பது பெயருக்குத்தான். எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, “யாருங்க தவறிட்டாங்க?” என்று விசாரித்தார்கள். ஈஸ்வர் ஒரு புளியமரத்தடியில் படுத்து, “என்னய இங்கயே உட்டுட்டுப் போயிருங்கடா” என்றார். ஏப்பம் விட்டபின் எழுந்து வந்தார்.

ராசிபுரத்தில் முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவின் காற்றைப் பிடுங்கி, சுருட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் பெண் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். சாக்கைத் துழாவி மூன்று பதக்கங்களை எடுத்து நீட்டியவள், “வேட்டியில ஓடற பிரிவு ஒண்ணு இருக்குதுன்னு எனக்குச் சொல்லவே இல்லைங்க” என்றாள். கந்தவேல் மாலைக்கு மேலேயே பதக்கத்தை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி மோகனப்பிரியா கதவைத் திறந்தாள். சட்டையில் சந்தனம், கழுத்தில் மாலை, அதன்மேல் பதக்கம், இடுப்பில் பட்டுக்கரை வேட்டி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“காலையில போட்டுக்கிட்டுப் போன கால்சட்டை எங்கீங்க?”

“வெண்ணந்தூர்ல காயுது” என்றார் கந்தவேல். முழு உண்மை அதுதான் என்றாலும், அன்று மாலைவரை அவள் நம்பவில்லை.