செல்வியின் அடுப்படி ஜன்னல்

இன்று கொல்லிமலை பஸ்ஸில் என் பள்ளித்தோழி செல்வி, தான் கட்டப்போகும் வீட்டின் பிளானை என் மடியில் விரித்தாள்.

"அடுப்படி ஜன்னல மட்டும் பெருசா மாத்தி வரையச் சொன்னேன் கண்ணு. சமைச்சுக்கிட்டே மொளகுத் தோட்டத்தப் பாக்கலாம்."

எங்கள் வீடு கட்டும்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

வயிறு எரிந்தது. வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

"வேண்டாம் புள்ள. பனி உள்ள வந்து உப்பு, மொளகாத்தூளு எல்லாம் கட்டி தட்டிப்போகும்."

அங்கேயே பேனாவை எடுத்து பிளானில் இருந்த ஜன்னலை அடித்துவிட்டாள். "நல்லவேள சொன்ன கண்ணு!"

சோளக்காடு ஸ்டாப்பில் இறங்கியதும் எனக்கு அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இனித்தது.

போன் போட்டு உண்மையைச் சொல்லட்டுமா?

வேண்டாம் என்பவர்கள் மட்டும் கமென்ட் போடவும்.