சுமதியின் கோதுமை பீர்

சுமதி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது டெக்சாஸில் ரிச்சர்ட்சன் நகரத்து அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். அவர் கணவர் நடராஜன் ஒரே வரி அனுப்பியிருந்தார்: "சுமதி காலைல போயிட்டா. கஷ்டப்படல." லேப்டாப்பை மூடிவிட்டு, கீழே போய் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு ஆண்டுகள் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. சனிக்கிழமைகளில் கராஜில் பீர் காய்ச்சுவார் என்பது அவருக்கு விடைகொடுக்க இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். ஈரோட்டுப் பெண் சாராயம் காய்ச்சுகிறாள் என்று சிலர் பேசியதும் தெரியும். "அவங்க குடிக்க வேண்டாம், விடு" என்பார்.

கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த கோதுமை பீரைச் சரியாகக் காய்ச்சிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முதல் முறை எனக்கு ஊற்றிக் கொடுத்தபோது, நன்றாக இருக்கிறது என்றேன்.

"உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே. எல்லாம் நல்லா இருக்குன்னா அடுத்த பேட்ச்ல நான் எதை மாத்தறது?"

"ரசம் வாசனை வருது, சுமதி."

அடுத்த முறை மல்லியைப் பாதியாகக் குறைத்தார். வேறு எதையும் தொடவில்லை. "ரெண்டை மாத்துனா எதனால சரியாச்சுன்னு தெரியாது" என்றார். ரசம் போயிற்று, வாழைப்பழ வாசனை வந்தது. டெக்சாஸ் வெயிலில் கராஜ் சூடானால் ஈஸ்ட் அப்படி வாசனை விடும். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் வைத்து நொதிக்கவிட்டார். அதுவும் போயிற்று.

போன ஆண்டு புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோவில் நாக்கின் ருசி போனது. தண்ணீர்கூட இரும்பாகக் கசக்கிறது என்றார். அப்போதும் காய்ச்சினார். பானையை நடராஜன் தூக்கிக் கொடுத்தார். கண்ணாடி டம்ளரை என்னிடம் நீட்டி, "நீ டேஸ்ட் பண்ணிச் சொல்லு" என்றார் சுமதி.

பீர் புளித்துப் போயிருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சூப்பரா வந்திருக்கு" என்றேன்.

அதை நம்பி, எதையும் மாற்றாமல் இன்னொரு முறை காய்ச்சினார். இரண்டு கீமோக்களுக்கு நடுவே எழுந்து நடமாட முடிந்த நாட்கள் மூன்றோ நான்கோதான். அதில் ஒன்று முழுக்க அதற்குப் போனது. அதுவும் புளித்தது. அன்றைக்கு உண்மையைச் சொன்னேன்.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "என் நாக்கு போயிருச்சு. உன் நாக்கைத்தான நம்புனேன்?" என்றார். நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. அழுது முடித்ததும், "பீரை பாட்டில்ல ஊத்தற அந்த ட்யூப் பழசு. அதுலதான் கிருமி இருக்கும். அதை மட்டும் மாத்திப் பாக்கலாம், வா" என்றார்.

அந்த முறை இருவரும் சேர்ந்து காய்ச்சினோம். பாட்டில் தயாரானபோது அவர் படுக்கையோடு கிடந்தார். ஒரு மதியம் அருகில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"புளிப்பு இல்ல. ஆரஞ்சு வாசனை அழகா வருது. ஆனா கொஞ்சம் தண்ணியா இருக்கு."

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்ப கோதுமை இன்னுங் கொஞ்சம் சேத்தோணும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மதியத்தை. அவரை ஏமாற்றிய நான், அவர் போவதற்குள் அவர் நம்பும்படி ஒரு குறையைச் சொல்லிவிட்டேன்.