சைக்கிள் கடைப் பலகையில் நான் செய்த திருத்தம்

சித்தப்பா எழுதிய பலகையை நான் கெடுத்தேன். அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூரில் எங்களோடு இருந்த சித்தப்பா, எப்போதாவது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். சித்தி கோபித்துக்கொண்டு சைதாப்பேட்டையில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக ஓர் அறை பிடித்தால்தான் வருவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் கடைச் சாயபு ஒரு பலகை கேட்டார். பிடித்துப்போனால் மாம்பலத்தில் அவர் திறக்கப்போகும் கடைகளுக்கும் சித்தப்பாவே எழுதலாம்.

மற்றவர்கள் பென்சிலால் கோடு போட்டு, எழுத்துகளை விறைப்பாக நிறுத்தி, நிழல் கட்டுவார்கள். சித்தப்பா கோடே போடவில்லை. பச்சைத் தகரத்தின்மேல் சிவப்புப் பெயிண்டில், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதியதுபோல் ‘வாடகை சைக்கிள்’ என்று சாய்வாக இழுத்தார். எழுத்துகளின் வாலெல்லாம் பிரஷ் காய்ந்து இழை இழையாகப் பிரிந்தது. நடுவே பச்சை தெரிந்தது.

“சைக்கிள் ஓடுதில்ல? எழுத்தும் ஓடட்டும்டா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

எனக்கு அது பெயிண்ட் போதாமல் பாதியில் விட்டதாகத்தான் தெரிந்தது. நான் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி, டப்பாவில் மிஞ்சியதைச் சுரண்டி எல்லா இழைகளையும் அடைத்தேன். வால்கள் மொழுமொழுவென்று உருண்டன.

அவர் துண்டோடு திரும்பிவரவும் சாயபு வாசலில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. சித்தப்பா பலகையைப் பார்த்தார். பிறகு சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

“இன்னாய்யா, சாஞ்சிக்கினு கீது? எழுத்து ஓடிச்சுன்னா கிராக்கியும் கூடவே ஓடிருவான்” என்று சாயபு சிரித்தார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். “ஆனா இந்த வாலு சோக்கா கீது. கெட்டியா முடிச்சிக்கீறே. மாம்பலத்துக்கும் இதே மாதிரி கெட்டியா, ஆனா நேரா போட்டுரு நைனா.”

“போட்டுர்றேன் பாய்” என்றார் சித்தப்பா.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, திட்டவுமில்லை. நெடுநேரம் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பிழைப்பை நான்தான் காப்பாற்றினேன் என்ற பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன் நான்.

மாம்பலத்து வேலை முடிந்ததும் மந்தைவெளியில் அறை பிடித்தார். சித்தி வந்தாள். சாமான் எடுத்துவைக்க நானும் போயிருந்தேன். அன்று மாலையே அவளுடைய தகரப் பெட்டியின் மூடியில், கோடு போடாமல், ஒரே இழுப்பில் அவள் பெயரை எழுதினார். கடைசி எழுத்தின் வால் இழை இழையாகப் பிரிந்து ஓரம்வரை ஓடிற்று.

“பொட்டி மேல இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்றாள் சித்தி. ஆனால் காயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. அத்தனை பலகை எழுதியும் இவருக்கு இன்னும் எழுத்தை முடிக்கத் தெரியவில்லையே என்று பெயிண்ட் டப்பாவைத் தேடினேன். என் கைக்கு எட்டாத உயரத்தில், பரணில் இருந்தது. எட்டியிருந்தால் அதையும் சரிசெய்திருப்பேன்.