செங்கல் சுவருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் வீட்டுக்கு மோட்கேஜ் கடன் தர முடியாது என்று வங்கிக்காரி சொன்னபோது நானும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். பார்ப்பவர்களுக்கு நாங்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்க வந்த தம்பதி. உண்மையில் பிரிவதற்காகத்தான் அங்கே போயிருந்தோம்.

விஷயம் இதுதான். மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஏழாம் மாடியில், இரண்டு அறைக் கொண்டோ வீடு ஒன்று எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. பழைய கடனை முடித்து, என் பெயரில் மட்டும் புதிய கடன் எடுத்து, அவருடைய பங்கைக் கொடுத்துவிட்டால் வீடு எனக்கு, காசு அவருக்கு. அவர் தனியாக ஓர் இடம் பார்த்துக்கொள்வார். மகள் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடித்த கையோடு அவர் கேட்டார்:

"நாங்கள் இனித் தனித்தனியா இருப்பமோ?"

"ஓம்" என்றேன். தேத்தண்ணி போடவா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. எங்களுக்குள் கதை தீர்ந்து பல வருடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வீடு என் பெயருக்கு மாறும்வரை மகளைத் தவிர ஒருவருக்கும் சொல்வதில்லை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். வாய் திறந்தால் போதும், ரொறன்ரோவிலிருந்தெல்லாம் கார் பிடித்துச் சமாதானம் பேச வந்துவிடுவார்கள். வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் நானாகத்தான் இருக்கும்.

என் சம்பளத்தில் வங்கி குறை சொல்லவில்லை. மருந்துத் தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர வேலை. குறை சுவரில் இருந்தது. அந்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு செங்கல் கழன்று, கீழே நின்ற காரின் மேல் விழுந்திருந்தது. நல்ல காலம், காருக்குள் ஒருவரும் இல்லை. பொறியியலாளர் வந்து தட்டிப் பார்த்தார். வெளியே தெரிகிற செங்கல் கட்டடத்தைத் தாங்குவதில்லையாம், அது வெறும் போர்வையாம். அதை உள்சுவரோடு பிடித்து வைத்திருக்கிற கம்பிகள் துருப்பிடித்து இற்றுப்போய், ஒரு பக்கம் முழுவதும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றதாம். அது திருத்தப்பட்டு, இனி ஆபத்தில்லை என்று அவர் எழுதித் தரும்வரை அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுக்கும் புதுக் கடன் கிடையாது என்று வங்கிக்காரி மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவர், "இப்ப என்ன செய்யிறது?" என்றார்.

"சீற் பெல்ற்றைப் போடுங்கோ" என்றேன்.

அவருடைய பங்கு சுவருக்குள் மாட்டிக்கொண்டது. இருக்கிற கடனில் பாதியையும் கட்டி, வெளியே வாடகையும் கட்ட அவருடைய வெயார்ஹவுஸ் சம்பளத்துக்கு வழியில்லை. ஆகவே பிரிந்தவர்கள் சேர்ந்தே இருந்தோம். அவர் மகளின் அறைக்குப் போனார். நான் எங்கள் அறையில் இருந்தேன். கட்டட வாசலுக்கு மேல் பலகையால் ஒரு சுரங்கம் மாதிரிக் கட்டி, அதற்குள்ளால் எங்களைப் போய்வரச் சொன்னார்கள். பல்கனிக் கதவுகளையெல்லாம் ஆணி இறுக்கிப் பூட்டிவிட்டார்கள். எங்கள் மீன் பொரிக்கிற அடுப்பு பல்கனியில்தான் இருந்தது. அதற்குப் பிறகு குசினியிலேயே பொரித்தேன். மகளின் அறை வரைக்கும் மணம் போயிருக்கும். அவர் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. அதுவும் எங்களுடைய வியாதிகளில் ஒன்று.

இதை வாசிக்கிற சிலர் இப்போதே சுவரையும் கலியாணத்தையும் முடிச்சுப்போட ஆரம்பித்திருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சுவரில் என்ன பிழை என்று சொல்ல ஒரு பொறியியலாளர் வந்தார். எங்களுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

சுவரைத் திருத்துவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பெரிய தொகை போட வேண்டும். கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை, வந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். அப்போதுதான் என் கணவர் வீட்டுக்காரர் சங்கத்தில் சேர்ந்தார். நான் நம்பவில்லை. குசினிக் குழாய் சொட்டினால் வாளி வைக்கிற மனிதர் அவர். ஆள் பிடித்துத் திருத்துவது எப்போதும் நான்தான். அந்த மனிதர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மாடி மாடியாகக் கதவு தட்டப் போனார். சில மாதங்களில் அவரையே சங்கத் தலைவராக்கிவிட்டார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக அவர் பிரெஞ்சுப் படிக்க மறுத்தவர். நான் எத்தனை தரம் வகுப்புக்குப் போகச் சொல்லியிருப்பேன். "எனக்கு உது ஏறாது" என்று ஒரே பதில். இப்போது குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, கூட்டத்தில் சொல்லப் போவதைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டேன். வசனம் தலைகீழாக இருந்தது. பொறுக்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, அப்பிடிச் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது."

கதவைத் திறந்து, "அப்ப எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

அதிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுவதும் பின்னேரங்களில் குசினி மேசையில் உட்கார்ந்தோம். யார் காசு போட மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று அவர் சொல்வார். அந்த மனிதருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் பிரெஞ்சில் சொல்லிக் கொடுப்பேன். மூன்றாம் மாடியில் இருந்த கிழவர் ஒருவர் நாயைப் பற்றி விசாரித்தால் இளகுவார் என்று கண்டுபிடித்தது நான்தான். நாயைப் பற்றி விசாரித்தார், கிழவர் சம்மதித்தார். அதைச் சொல்லும்போது இருவரும் சிரித்துவிட்டோம். மகள் பிறந்த காலத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார், மன்னார்க்காரி. என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் பிடித்து வைத்து, "உம்மட மனுசன் தங்கம், பிள்ளை. வீட்டுக்காக இப்பிடி உயிரைக் குடுத்து ஓடுற ஆம்பிளையை நான் கண்டதில்லை" என்பார். நான் தலையாட்டுவேன். எதற்காக ஓடுகிறார் என்று எனக்கல்லவா தெரியும்.

அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், மேசையில் உட்கார்ந்த அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் எனக்குக் கொஞ்சம் மறந்துபோயிற்று. கடைக்குப் போனபோது அவருக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டைத் தேடி வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று என்னையே கேட்கவில்லை.

அன்று அவர் நல்ல சந்தோசமாக வந்தார். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், வேலைக்காரர் வசந்தத்தில் தொடங்கப் போகிறார்கள். கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னார்:

"கோடையோட முடிஞ்சுதெண்டால், பனிக்கு முதல் நான் மாறீடலாம்."

"ஓம், பனிக்குள்ள சாமான் ஏத்துறது கஷ்டம்தான்" என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். சாப்பிட்டார். அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதருக்கு ஓடத் தெரியும், படிக்கத் தெரியும், அடுத்தவனின் மனம் கோணாமல் கதைக்கத் தெரியும். என்னோடு இருப்பதற்காக அதில் ஒன்றையும் செய்யத் தோன்றவில்லை. என்னை விட்டுப் போவதற்காக அத்தனையையும் செய்கிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது. செங்கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பொறாமையும் இரண்டு மூன்று நாள்தான். பிறகு அதுவும் மரத்துவிட்டது.

கோடை முழுவதும் சாரக்கட்டுக்கும் கறுப்பு வலைக்கும் பின்னால் கிடந்தோம். யன்னலுக்கு வெளியே ஆட்கள் துளை போட்டார்கள், செங்கல்லைக் கழற்றினார்கள், புதுக் கம்பி பூட்டினார்கள். நான் யன்னல் சீலையை இழுத்துவிட்டுச் சமைத்தேன். இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது வலையைக் கழற்றினார்கள். பொறியியலாளர் எழுதிக் கொடுத்ததை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சங்கத் தலைவர், அதாவது என் கணவர். எனக்குக் கடன் கிடைத்தது.

வீட்டுப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்து வைத்தோம். வீடு எனக்கானது. வீட்டுக்குத் திரும்பிக் காரை நிறுத்தும்போது மன்னார் அக்கா வாசலில் காவல் நின்றார். "ரெண்டு பேரும் உடன பார்ட்டி ரூமுக்கு வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே கட்டடத்துச் சனம் நிறைந்திருந்தது. மேசையில் ரோல்ஸ், வடை, கேக். மூன்றாம் மாடிக் கிழவர்கூட நாயோடு வந்திருந்தார். எங்கள் ஆட்களால் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் நன்றி சொல்ல முடியாதே. அக்கா பையிலிருந்து சரிகைக் கரை போட்ட மஞ்சள் பொன்னாடை ஒன்றை எடுத்தார்.

"இந்த மனுசன் இல்லாட்டி எங்கட வீடுகளை ஒருத்தனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். எல்லாம் தன்ர குடும்பத்துக்காகச் செய்தவர், அதால எங்கட குடும்பங்களும் தப்பிச்சுது" என்றார். பிறகு பொன்னாடையை விரித்து என் கையில் தந்தார். "நீரே போடும் பிள்ளை. உமக்குத்தான் அந்த உரிமை."

ரெலிபோன்களை உயர்த்திக்கொண்டு எல்லாரும் பார்த்து நின்றார்கள். கலியாண மாலைக்குப் பிறகு நான் அவருடைய கழுத்தில் ஒன்றும் போட்டதில்லை. அவர் என் உயரத்துக்குக் குனிந்தார். போட்டேன். கரை சரிந்து விழுந்தது, இழுத்துச் சரி செய்தேன். நிமிர்ந்தபோது அவருடைய கண் நிறைந்திருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கைதட்டல் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் அவர் மொன்ட்ரியால்-நோரில் பார்த்து வைத்திருந்த ஓர் அறைக்குப் போனார். சாமான் அதிகம் இல்லை. போகும்போது, "பல்கனிக் கதவு இப்ப திறக்கும், பாத்தனீரோ?" என்று கேட்டார். "பேந்து பாக்கிறன்" என்றேன். மகளின் அறைக்குள் போய்ப் பார்த்தால் கட்டில் விரித்தபடி இருந்தது. பொன்னாடையை நாலாக மடித்துத் தலையணையில் வைத்திருந்தார்.

பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. மன்னார் அக்கா ஒரு கோப்பை நிறையப் பொரித்த மீனோடு நின்றார். எல்லார் பல்கனியும் திறந்தாயிற்று, அவருக்கு அந்தச் சந்தோசம்.

"எங்க எங்கட தலைவர்? குளியலறைச் சுவரில ஒரு வெடிப்பு, ஒருக்கா வந்து பாக்கச் சொல்லும்."

"அவர் போயிட்டார் அக்கா."

"எங்க? வேலைக்கோ?"

"இல்லை. இஞ்ச அவருக்கு இருந்த வேலை முடிஞ்சுது. போயிட்டார்."

அக்கா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் சிரிப்பை நிறுத்தி, கோப்பையைச் சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.