தரிசு நிலத்தில் நெல் அறுப்பு

காலை 6.40. பாரிமுனைப் பேருந்து நிலையத்தில் ஸ்ரீபெரும்புதூர் வண்டி ஏறினேன். டிக்கெட் நாலு ரூபாய். 1991, பொங்கல் முடிந்து ஒரு வாரம். கைப்பையில் ஓர் அஞ்சலட்டை: "நீங்கள் பேப்பரில் எழுதிய தரிசு நிலத்தில் வரும் வியாழக்கிழமை நெல் அறுப்பு. வந்து பார்த்துவிட்டுப் போகவும். கன்னியம்மாள், வல்லம் வடகால் பக்கம்."

அந்தத் தரிசை எழுதியது நான்தான். தொழிற்சாலைகள் வரப்போகிற இடம் என்று ஓர் அதிகாரி தொலைபேசியில் சொன்னதை, நாற்காலியை விட்டு எழாமலே, நேரில் பார்த்தவள் மாதிரி எழுதியிருந்தேன். "கண்ணுக்கெட்டிய தூரம் முள்ளும் தரிசும்." அந்த வரியில் எனக்குப் பெருமை வேறு! பத்திரிகை வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால்தான் நிரந்தரம். அட்டையைப் படித்த ஆசிரியர், "போய்ப் பார். நீ எழுதியது தப்பென்றால் நாலு வரித் திருத்தம் போடுவோம். உனக்கு இங்கே வேலை உண்டா என்று அப்புறம் பேசுவோம்" என்றார்.

பூந்தமல்லி தாண்டியதும் இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. அழகாகத்தான் இருந்திருக்கும். வேலை போய்விடுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஏரி எங்கே தெரிகிறது?

8.25. ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து ஒரகடம் போகும் வண்டியில் ஏழு கிலோமீட்டர். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: "வல்லமா? அங்க ஒண்ணியும் இல்லன்னு பேப்பர்ல போட்டுக்கீறானே!" எழுதியவன் ஆண்பிள்ளை என்றே முடிவு கட்டிவிட்டார். நான் டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

9.10. இறங்கினேன். சாலையிலிருந்து ஏரிக்கரைவரை பழுத்த நெல். பதினாலு பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் அரிவாளோடு நிமிர்ந்தார். அவர்தான் கன்னியம்மாள்.

"நீதான் அந்தப் பேப்பர்காரியா? வா, ஒன் தரிசுல காலை வெச்சுப் பாரு."

வைத்தேன். வரப்பு வழுக்கி, வாய்க்கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். ஒரு செருப்பு மேலே வரவே இல்லை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

"தப்பு என்னுதுதான் அக்கா. பார்க்காம எழுதிட்டேன்."

"அது தெரிஞ்சிதான் கார்டு போட்டேன். நீ எழுதினத வெச்சிகினு தாலுக்கா ஆபீசுல இது நஞ்சையே இல்லன்றாங்க. தரிசுன்னு எழுதிட்டா நெலத்த எடுத்துகினு தரிசுக் காசுதான் குடுப்பாங்க, எங்களுக்கு இன்னா மிஞ்சும், சொல்லு?"

அதுவரை என் வேலையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கே கேவலமாகப் பட்டது.

பகல் 1.00. வயலையும் மதகையும் சுற்றிப் பார்த்து, களத்துமேட்டு நிழலில் ஆறு பக்கம் எழுதி முடித்தேன். அப்போதெல்லாம் வெளியூர்ச் செய்தியை உறையில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். பாரிமுனையில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். நேராகப் பாரிமுனை போகும் 2.30 வண்டிக்குக் கிளம்பினேன். கன்னியம்மாள் வழியை மறித்தார்.

"இன்னா எழுதிக்கிற? படி. போன தபா எங்கள கேக்காமதான எழுதுன."

அச்சாகும் முன் யாருக்கும் காட்டக் கூடாது என்பது அலுவலக விதி. விதிப்படி எழுதிய என் கட்டுரையின் லட்சணம் முழங்காலில் காய்ந்துகொண்டிருந்தது. படித்தேன். மற்ற பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

"மூணு போகமா? ரெண்டுதான். அடிச்சிடு. ஆபீசர் வந்து பாத்தான்னா மாட்டிக்குவோம்" என்றார் ஒரு பெண்.

அடித்தேன். அவர்களுக்கு உதவும் பொய்யைக்கூட அவர்கள் விடவில்லை.

"இன்னா, ஏழை விவசாயிங்களா? நெல்லு கீது, மாடு கீது, ஏரில தண்ணி கீது. யாரு ஏழை?" என்றார் இன்னொருவர்.

அதையும் அடித்தேன். முடிந்ததும் கன்னியம்மாள் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். "இப்ப சரி. எடுத்துகினு போ" என்றார். ஒற்றைச் செருப்போடு சாலைக்கு ஓடி, உறையைக் கண்டக்டர் கையில் கொடுத்து, ஸ்ரீபெரும்புதூரில் செருப்பு வாங்க இறங்கும்வரை அதே வண்டியில் நானும் போனேன்.

மறுநாள் ஆறு பக்கமும் அப்படியே வந்திருந்தது, "பார்க்காமல் எழுதினேன்" என்ற முதல் வரி உட்பட. முதல் தடவையாக என் பெயரோடு! "நாலு வரி கேட்டேன். இதில் ஒரு வரியையும் வெட்ட முடியவில்லை" என்றார் ஆசிரியர். வேலை நிரந்தரமானது. அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்து நஞ்சை என்றே எழுதினார்கள். பின்னாளில் தொழிற்சாலைகள் வந்தபோதும் அந்த வயல்கள் நஞ்சை விலைக்குத்தான் கைமாறின. நான் நான்கு புத்தகங்கள் எழுதிவிட்டேன். அவற்றில் வரும் மனிதர்களுக்கு வாசித்துக் காட்டாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போனதில்லை.

கட்டுரை வந்த மறுநாள், சனிக்கிழமையே, பத்திரிகையோடு மறுபடி வல்லம் போனேன். நெல்லைப் போரடித்துக்கொண்டிருந்தவர்கள் களத்தில் கூடிவிட்டார்கள். முழுவதும் வாசித்தேன்.

"பேரு போட்டுக்கீறாங்களா?" என்று கேட்டார் கன்னியம்மாள்.

"போட்டிருக்காங்க அக்கா. மேலே, கொட்டை எழுத்துல."

"ஒன் பேர யாரு கேட்டா? எங்க பேரு?"

மூன்றாவது பத்தியில் இருந்தது. பதினாலு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"இன்னொரு தபா படி" என்றார்கள்.