ஆந்தையின் இரண்டாவது கண்

ரேடியோக்காரர் என்றால்தான் அவரைத் தெருவில் தெரியும். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்து, பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லிவிடுவார். அவர் "தேறாது" என்றால் அதற்குமேல் பேச்சில்லை. வந்தவர் நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கடையே ஓடியது.

வேலை இல்லாத நாளில் கை சும்மா இருக்குமா? தேறாத செல்போன், ரிமோட், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து ஓர் ஆந்தை செய்தார். சர்க்யூட் போர்டுதான் இறக்கை. மனைவி பார்த்துவிட்டு, "அட, குப்பைக்கு உயிர் வந்துடுச்சே!" என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆந்தைக்கு ஒரு கண்தான் இருந்தது, ஏதோ பழைய ரேடியோவின் குமிழ். அதற்கு ஜோடி தேடித் தேடி மண்டை காய்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்கடைக்காரி தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாட்டு ஓடாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. அவர் மூடியைக் கழற்றினார். முன்னால் இருந்த குமிழைப் பார்த்தார். அச்சு அசல் அதே அளவு.

"தேறாதும்மா."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. நீங்களே வச்சுக்குங்க."

அவள் போனபின் குமிழைப் பிடுங்கப் போனவர், உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருப்பதைக் கண்டார். ஒரு பொட்டு ஈயம் போதும். முதலிலேயே இது கண்ணில் பட்டதா, படவில்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பொய் சொன்னோமா, பிசகிவிட்டோமா? வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று தெரியாதது அதைவிட எரிச்சலாக இருந்தது.

கம்பியைப் பற்றவைத்து ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார். தையல்கடையில் அதற்குள் புது ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது.

"தேறாதுன்னீங்களேண்ணே?"

"சொன்னேன். ஏன் சொன்னேன்னுதாம்மா புரியல. ஆந்தைக்குக் கண்ணு வேண்டியிருந்துச்சு. அதுக்காகச் சொன்னேனா, தெரியாமச் சொன்னேனா..."

அவள் தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "உங்களுக்கே தெரியலைன்னா நான் யாரைண்ணே போய்க் கேக்கறது?"

அவர் கொண்டுவந்த ரேடியோவை மேஜைமேல் வைத்தார். அவளே பாவம் பார்த்துப் புது ரேடியோவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரி விடுங்க. வந்ததுதான் வந்தீங்க, இதையும் ஒரு தரம் பாத்துடுங்க. கரகரன்னு சத்தம் வருது."

வாங்கித் திருப்பினார். கரகரப்பு அவர் காதில் விழவே இல்லை. முன்பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு குமிழ்கள், பளபளவென்று.

"என்னண்ணே, தேறுமா?"

அவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற யார்கிட்டயாவது காட்டும்மா," என்றார்.